அடைப்புக்குறிக்கு ஆசைப்பட்டவன்

கல்யாணப் பத்திரிகை வந்தால் என் மனைவி முகூர்த்த நேரத்தைப் பார்ப்பாள். மகள் மண்டபம் எங்கே என்று பார்ப்பாள். நான் பார்ப்பது அடைப்புக்குறியை. பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், இரண்டு வளைவுகளுக்கு நடுவே என்ன போட்டிருக்கிறது? எனக்கு அதுதான் முகூர்த்தம். "துணைப் பொது மேலாளர்" என்று இருக்கும். "தாசில்தார், ஓய்வு" என்று இருக்கும். ஒன்றும் அகப்படாதவர்களுக்கு "துபாய்" என்றாவது இருக்கும். கடல் தாண்டிவிட்டால் ஊர்ப் பெயரும் ஒரு உத்தியோகம்தான்.

2018 தை மாதம் என் மைத்துனன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே முதல் பெயர் என் சகலையுடையது. பெயர், படிப்பு, அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் வங்கிப் பதவி. ஒரு வரி போதாமல் அடுத்த வரிக்கு வழிந்திருந்தது. அதற்குக் கீழே நான். வெறும் பெயர். குளியலறையிலிருந்து துண்டை மறந்துவிட்டு வெளியே வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஒன்றும் வேலைவெட்டி இல்லாமல் திரிந்தவன் இல்லை. 34 வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மைத்துனனைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டேன். "கண்காணிப்பாளர்னு போட்டா ஆஸ்டல் வார்டன்னு நினைச்சுக்குவாங்க அத்தான், அதான் விட்டுட்டேன்" என்றான். எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி அவன் முகத்தில்.

வாழ்க்கையில் முன்னேற உங்களுக்குத் தூண்டுதல் யார் என்று பெரியவர்களைக் கேட்கிறார்கள். அம்மா என்கிறார்கள், காந்தி என்கிறார்கள், அப்துல் கலாம் என்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஒரே பதில்தான் சொல்ல முடியும்: சகலை.

சகலை என்பவர் நாமாகத் தேடிக்கொள்ளாத போட்டியாளர். அண்ணன் தம்பிக்குள் போட்டி வந்தால் அது பங்காளிச் சண்டையாகி, கோர்ட்டுக்குப் போய், வக்கீலுக்கு வீடு கட்டிக்கொடுத்து ஒருவழியாக முடிந்துவிடும். சகலைப் போட்டிக்குக் கோர்ட்டும் இல்லை, வாய்தாவும் இல்லை. தகராறுக்குரிய சொத்தும் பெரிதாக இருக்காது. எங்கள் விஷயத்தில் அது ஒரு வெள்ளி டம்ளர்.

என் மாமியார் வீடு கும்பகோணத்தில். அங்கே காபி ஒரு பானம் இல்லை, ஒரு சடங்கு. வீட்டில் வெள்ளி டபரா டம்ளர் ஒரே ஒரு ஜோடி. அது மாப்பிள்ளைக்கு. சிக்கல் என்னவென்றால் மாப்பிள்ளைகள் இரண்டு. 1985-ல் மூத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு சகலை வந்தார், "மாப்பிள்ளை" ஆனார். 1986-ல் நான் வந்தேன். வந்த அன்றே அவர் "பெரிய மாப்பிள்ளை" ஆகிவிட்டார், நான் "சின்ன மாப்பிள்ளை". வயதில் அவர் என்னைவிட எட்டு மாதம்தான் மூத்தவர். ஆனால் அந்த வீட்டில் நான் அறுபதைத் தொட்ட பிறகும் சின்ன மாப்பிள்ளைதான்.

என் தலை தீபாவளி. ஒரு ஆண்மகன் எதுவும் சாதிக்காமலே மரியாதை பெறுகிற ஒரே நாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியில் சரிகை கரகரக்க, கூடத்தில் மணையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ரிக்‌ஷா. "சும்மா எல்லாரையும் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று சகலை இறங்குகிறார். மாமியார் பழக்கதோஷத்தில் வெள்ளி டம்ளரை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி அவரிடம் போய்விட்டார். எனக்கு எவர்சில்வரில் வந்தது. "அதுலயும் சில்வர்னுதானே பேரு" என்று ராத்திரி என் மனைவி சமாதானம் சொன்னாள். கல்யாணமாகி மூன்றே மாதம். பாவம், யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

இந்த வியாதி எனக்கு அந்த வீட்டுக் காற்றிலேயே ஒட்டிக்கொண்டதோ என்றும் ஒரு சந்தேகம் உண்டு. கூடத்தில் மாமியாரின் தாத்தா படம் தொங்கும். தலைப்பாகை, கோட்டு, மார்பில் மெடல். வெள்ளைக்காரன் கொடுத்த "ராவ் சாகிப்" பட்டம். வருகிறவர்களெல்லாம் பார்த்து வியக்க வேண்டிய படம்தான். ஆனால் மாமியார் அதைக் காட்டும்போது ஒரு பெருமூச்சும் கூடவே வரும். ராவ் சாகிப்புக்கு மேல் ராவ் பகதூர், அதற்கு மேல் திவான் பகதூர் என்று படி இருந்ததாம். எதிர்வீட்டுக்காரர் ராவ் பகதூர். தாத்தா அந்த ஒரு படிக்காகக் கலெக்டர் பங்களாவுக்கு மாம்பழக் கூடை சுமந்து சுமந்தே போய்ச் சேர்ந்தார் என்பது குடும்பத்தில் மெதுவான குரலில் சொல்லப்படும் செய்தி. அதற்குள் சுதந்திரம் வந்துவிட்டது. அரசியலமைப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு இனிமேல் பட்டமே கொடுக்கக்கூடாது என்று ஒரே போடாகப் போட்டது. ராணுவப் பட்டத்துக்கும் படிப்புப் பட்டத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. அந்தச் சந்தில் புகுந்துதான் என் பி.காம். உயிர் பிழைத்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறி போடலாமா கூடாதா என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. நாடு அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

1990-ல் சகலை வீட்டுக்கு டெலிபோன் வந்தது. அப்போதெல்லாம் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்த கையோடு பதிவு செய்தால், அது பள்ளிக்கூடம் போகும்போது வீட்டில் மணி அடிக்கும். கூடுதலாகப் பணம் கட்டி முந்திக்கொள்ள ஓ.ஒய்.டி. என்று தனி வரிசை ஒன்று இருந்தது. அவர் அந்த வரிசையில் போனார். நான் பொது வரிசையில் நின்றேன். நிற்கும் காலத்தில் என்னிடம் இருந்தது பி.பி. நம்பர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளப்போகிறார்கள். (அதுவும் வந்தது, பிற்பாடு.) பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை நம்முடையது போலவே எல்லோருக்கும் கொடுத்து, ஓரத்தில் கூச்சத்தோடு "பி.பி." என்று எழுதிக்கொள்வதுதான் அது.

சகலை ராத்திரி ஒன்பதரை மணிக்கு அந்த நம்பருக்குப் போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கலைந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார். "உங்க சகலை லைன்ல இருக்காரு." யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடிப்போய் எடுத்தால், "ஒண்ணுமில்ல சகலை, லைன் கிடைக்குதான்னு பாத்தேன்" என்பார்.

வண்டி விஷயத்தை விரிக்க வேண்டாம். நான் எம்-80 வாங்கியபோது அவர் பஜாஜ் சேடக் வைத்திருந்தார். நான் சேடக்குக்கு வந்தபோது அவர் மாருதி 800-க்குப் போய்விட்டார். நான் மாருதி வாங்கினேன், அவருடையதையே, செகண்ட் ஹாண்டில். அதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

2018 கடைசியில் என் மகளுக்கு வரன் நிச்சயமாயிற்று. வைகாசியில் கல்யாணம். சந்தோஷத்தில் மனைவி நகைக் கணக்கு போட்டாள், மகள் புடவைக் கணக்கு போட்டாள். எனக்குள் வேறொரு மின்னல் அடித்தது. இந்தப் பத்திரிகையை அச்சடிக்கப்போவது நான்! பெண்ணின் தகப்பன் பெயர் நட்டநடுவில், பெரிய எழுத்தில் வரும். பக்கத்தில் அடைப்புக்குறி போடுவதை எந்த மைத்துனனும் தடுக்க முடியாது. அடைப்புக்குறி தயார். உள்ளே போடத்தான் சரக்கு இல்லை.

"சமூக ஆர்வலர்" என்று யோசித்தேன். எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள், மூன்று பேர் மேல் வழக்கு இருக்கிறது. "எழுத்தாளர்"? பத்திரிகைக்கு நான் எழுதிய ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று, பாதி வெட்டப்பட்டு, 1997-ல் வந்திருக்கிறது. "தொழிலதிபர்" என்றால் வருமான வரி பயம். இப்படி மண்டை காய்ந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் அடுக்ககத்தின் பொதுக்குழு அறிவிப்பு லிஃப்டில் ஒட்டப்பட்டது.

அந்த அடுக்ககத்தில் நாங்கள் 11 வருஷமாக இருக்கிறோம். மொத்தம் 24 வீடு. எனக்கு அங்கே பெயர் கிடையாது. எஸ்-3 என்றால்தான் தெரியும். பால் போடுகிறவருக்கும் எஸ்-3, சிலிண்டர் போடுகிறவருக்கும் எஸ்-3. கொஞ்சம் நெருங்கிப் பழகியவர்களுக்கு "எஸ்-3 அக்கா வீட்டுக்காரர்". ரயிலில்கூட எஸ்-3 என்றால் ஏ.சி. இல்லாத பெட்டி.

2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பொதுக்குழு. வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் வடாம் எடுக்க வந்தவர். தலைவர் தொண்டையைக் கனைத்து, "செக்ரட்டரி போஸ்ட் காலியாகுது. யாராவது முன்வந்தா…" என்றார். எல்லோரும் குனிந்து சிமெண்டுத் தரையில் எதையோ தேடினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டதும் கடைசி பெஞ்சு குனியுமே, அந்தக் குனிதல்.

நானாகக் கையைத் தூக்கினால் அடைப்புக்குறிக்கு மதிப்பில்லை. பதவி நம்மைத் தேடி வந்ததாக இருக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். குனிந்த ஒன்பது பேரில் நிமிர்ந்தவன் மேல் பார்வை விழுந்துவிட்டது. "சார் ரிடையர் ஆயிட்டீங்க இல்ல?" என்றார் ஒருவர்.

"எனக்கு எதுக்குங்க" என்றேன்.

"இல்ல சார், நீங்கதான் பொருத்தம்."

"அனுபவம் இல்லீங்க" என்றேன், இரண்டாவது தடவை.

அங்கேதான் ஒரு கண்டம். வடாம்காரர் நிமிர்ந்து, "அவருக்கு இஷ்டமில்லன்னா விட்டுடுங்களேன், பாவம்" என்றார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. மூன்றாவது மறுப்பைக் கைவிட்டு, "எல்லாரும் இவ்வளவு தூரம் கேட்டுக்கிறதால…" என்று எழுந்தேன். கேட்டது ஒருவர்தான். பழைய செயலாளர் கீழே ஓடினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ரெண்டு நிமிஷத்தில் ரிஜிஸ்தர், ரசீதுப் புத்தகம், சாவிக்கொத்து, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். வாயிலேயே சீட்டியடித்துக்கொண்டு படியிறங்கிய அந்த மனிதரைப் பார்த்து நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஸ்டாம்பில் சங்கத்தின் பெயர், "தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு செய்யப்பட்டது", அதற்குக் கீழே கம்பீரமாகச் "செயலாளர்". அன்று ராத்திரி ஒரு வெள்ளைத் தாள் முழுக்கக் குத்திப் பார்த்தேன். பிறகு பால் கார்டில் குத்தினேன். மறுநாள் மளிகைக்கடைக்குப் போன சீட்டிலும் குத்தினேன். துவரம் பருப்பு 2 கிலோ, செயலாளர். கடைக்காரர் சங்கத்துக் கணக்கு என்று நினைத்து ரசீதைத் தலைவர் பெயரில் போட்டு அனுப்பிவிட்டார். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று.

என் மகள் எம்.ஏ. பொருளாதாரம். அப்பனைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே படித்தவள். "அப்பா, உங்களைப் பத்தி ஆடம் ஸ்மித் எழுதியிருக்காரு" என்றாள். 1776-ல் நாடுகளின் செல்வத்தைப் பற்றி எழுதுவதற்கு 17 வருஷம் முன்னாலேயே, 1759-ல், மனிதர்களின் நல்லது கெட்டது பற்றி அவர் ஒரு புத்தகம் போட்டிருக்கிறாராம். மனுஷன் எதற்காக இப்படி ஓடாய்த் தேய்கிறான்? சோற்றுக்கும் துணிக்கும் என்றால் கூலிக்காரன் சம்பாத்தியமே போதுமே. நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் என்கிறாராம். அதில் ஒரு ஏழை வீட்டுப் பையன் வருகிறான். பணக்காரனின் மாளிகையையும் வண்டியையும் பார்த்து ஏங்கி, உடம்பு தேய உழைத்து, பிடிக்காதவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, கடைசியில் எல்லாம் கைக்கு வந்தபோது, இவ்வளவும் ஒரு வெறும் விளையாட்டுச் சாமான் என்று கண்டுகொள்கிறான்.

"அப்புறம்?" என்றேன்.

"இந்த ஏமாற்றம் இருக்கிறதாலதான் ஜனங்க உழைக்கிறாங்க, உலகம் நடக்குது, அதுவும் நல்லதுதான்னு சொல்றாரு."

எனக்கு ஸ்காட்லாந்துக்காரர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. சகலை மேல் எனக்கிருக்கும் வயிற்றெரிச்சலில்தான் உலகமே சுற்றுகிறது என்று அவ்வளவு பெரிய மனிதர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மகள் சொல்ல வந்தது அது இல்லை என்று பிறகு சொன்னாள். இருக்கட்டும்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தோம். அந்தத் தெருவில் கடைக்குக் கடை பத்திரிகைதான். பிள்ளையார் படம் பதித்தது, பெட்டி மாதிரி திறப்பது, சந்தன வாசனை அடிப்பது என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மனைவி அட்டையைத் தேர்ந்தெடுத்தாள். நான் புரூஃபுக்காகக் காத்திருந்தேன்.

"செயலாளர்னு எழுதியிருக்கீங்களே சார், எந்தச் செயலாளர்? கட்சியா, கோட்டையா?" என்றார் கடைக்காரர்.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மாவட்டச் செயலாளர் இருக்கிறார். புனித ஜார்ஜ் கோட்டையில் ஐ.ஏ.எஸ். செயலாளர் இருக்கிறார். 24 வீட்டு மோட்டார் சாவி வைத்திருக்கும் நானும் இருக்கிறேன். "வெறும் செயலாளர்னு போடுங்க போதும், இடம் பத்தாது" என்றேன். அட்டையில் அந்த இடத்தில் ஒரு யானையே நிற்கலாம். பொய் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். 33 வருஷத்துப் பார்வை.

பத்திரிகை போன கையோடு பலன் தெரிந்தது. பாபநாசத்திலிருந்து ஒரு தூரத்து உறவு போன் பண்ணி, தன் பையனுக்குப் பொதுப்பணித் துறையில் மாற்றல் வேண்டும் என்றார். "பாக்கறேன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது வாயில் பாயசம் ஓடியது. 34 வருஷம் அந்த வார்த்தையை மேலதிகாரிகள் வாயிலிருந்து கேட்டவன், முதல் தடவையாக நான் சொன்னேன்.

ஆனால் நான் பதவியேற்ற வருஷம் 2019. சென்னைக்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை கைவிட்டுவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தால் 11 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். ஜூன் மாதம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஏரித் தரை வெடித்துக் கிடந்தது. ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததாக்கும்.

எங்கள் போர் மார்ச்சிலேயே காற்றைக் கக்க ஆரம்பித்தது. ஏப்ரலில் காற்றும் நின்றது. காலை ஐந்து மணிக்கு முதல் போன். "செக்ரட்டரி சார்!" ஆகா, என்ன அழகான சொல். "செக்ரட்டரி சார், தண்ணி வரல." ஐந்தேகாலுக்கு இன்னொரு செக்ரட்டரி சார். ஐந்தரைக்கு மூன்று செக்ரட்டரி சார். பல் தேய்ப்பதற்குள் என்னை எஸ்-3 என்று கூப்பிட மாட்டார்களா என்று ஏங்க ஆரம்பித்தேன். காலை அரை மணி, சாயங்காலம் அரை மணி என்று முறை வைத்தேன். வாளி, அண்டா, பிளாஸ்டிக் குடம், பழைய பெயின்ட் டப்பா எல்லாம் படிக்கட்டில் வரிசை கட்டின. மூன்றாவது மாடிக்காரர்கள் தரைத்தளத்துக்காரர்களைச் சந்தேகித்தார்கள். எல்லோரும் சேர்ந்து மோட்டார் சாவி வைத்திருப்பவனைச் சந்தேகித்தார்கள். ராத்திரியில் நான் மட்டும் ரகசியமாக மோட்டார் போட்டு ஷவரில் குளிப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. சத்தியமாக இல்லை. என் வீட்டு ஷவர் 2012-லிருந்து அடைப்பு.

வேறு யாராவது என்றால் மஞ்சள் பையைத் தலைவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள். பழையவர் மாதிரி. நான் ஓட முடியாது. பத்திரிகை 600 பிரதி ஊர் ஊராகப் போய்விட்டது. கல்யாணத்தன்று நான் செயலாளராக இருந்தே ஆக வேண்டும்.

அப்படித்தான் தண்ணீர் லாரி அண்ணாச்சியின் காலடியில் போய் விழுந்தேன். அவரிடம் 12,000 லிட்டர் லாரி மூன்று. போன வருஷம் 1,500 ரூபாய்க்கு வந்த லோடு, மே மாதம் 4,500 ஆயிற்று. பணம் கொடுத்தாலும் வராது, மனசு வைத்தால்தான் வரும். அவர் ஷெட்டுக்குத் தினமும் காலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் பேத்திக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு வந்த ஒரு நோட்டீசுக்கு, 34 வருஷத்து அனுபவத்தை எல்லாம் இறக்கி, யாருக்கும் புரியாதபடி ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் வாசலில் லாரி நின்றது. ஏரியாவிலேயே தண்ணீர் தட்டாத அடுக்ககம் எங்களுடையதாயிற்று. மொட்டை மாடி வடாம்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பொதுநலம் சார் உங்களுக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்.

ஜூன் இரண்டாம் வாரம் கல்யாணம். மண்டபத்தில் தண்ணீர் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சிதான் இரண்டு லாரி அனுப்பினார். அவரே நேரிலும் வந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மூன்று விரல் பருமனுக்குச் சங்கிலி. நான் மாப்பிள்ளையின் தாய்மாமனை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் வரிசை சோபாவில், சகலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சகலை கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் எனக்காக நகர்ந்தது இல்லை. ஆனாலும் நகர்ந்தார்.

"யாரு, அமைச்சரோட ஆளா?" என்று என் காதருகே கேட்டார்.

"தண்ணி லாரி ஓனர்" என்றேன்.

சகலையின் முகத்தில் நான் 33 வருஷமாக எதிர்பார்த்த ஒரு மாறுதல் நடந்தது. அவர் ஓய்வு பெற்றதும் பழைய மாமல்லபுரம் சாலையில் பதினாலாவது மாடியில் வீடு வாங்கியிருந்தார். புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது பால்கனிக்கு அழைத்துப்போய்க் கீழே நீச்சல் குளத்தைக் காட்டினார், மூன்று தடவை. அந்தப் பக்கம் முழுக்க லாரித் தண்ணீரை நம்பியே பிழைக்கிறது என்பதை அன்று அவர் காட்டவில்லை.

தாலி கட்டி முடிந்து காபி வந்தது. கும்பகோணத்து வெள்ளி டம்ளரை மாமியார் பேத்திக்குச் சீராகவே கொடுத்துவிட்டார். அதில் காபி புது மாப்பிள்ளைக்குப் போயிற்று. பையன் அதை யாரோ நீட்டிய எவர்சில்வரைப் போலச் சர்வசாதாரணமாக வாங்கிக் குடித்தான். சகலைக்கும் எனக்கும் காகிதக் கப். இருவரும் தூணோரம் நின்று ஊதி ஊதிக் குடித்தோம்.

"சகலை" என்றார் மெதுவாக. "எங்க டவருக்கு நாலு நாளா லாரி வரல. நீச்சல் குளத்துல இருந்து வாளியில மொண்டு டாய்லெட்டுக்கு ஊத்திட்டிருந்தோம். இப்ப அதுவும் காலி. உங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை…"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காகிதக் கப்பின் அடியில் இருந்த சர்க்கரையை ஆட்டி ஆட்டிக் குடித்தேன். நாதஸ்வரக்காரர் மோகனத்தில் ஒரு சுற்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"பாக்கறேன்" என்றேன்.

"நீங்க சொன்னா கேப்பாருன்னு உங்க தங்கச்சி சொல்றா" என்றார். தங்கச்சி என்று அவர் சொன்னது என் மனைவியின் அக்காவை, அதாவது தன் மனைவியை. பதற்றத்தில் உறவுமுறையே குழம்பியிருந்தது. அந்தக் குழப்பம் என் காதுக்கு நாதஸ்வரத்தைவிட இனிமையாக இருந்தது.

அண்ணாச்சியிடம் நான் சொன்ன விதம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். "எனக்காக இல்ல அண்ணாச்சி, என் மரியாதைக்காக" என்றேன். அவர் வாக்குத் தவறாத மனுஷர்.

அடுத்த வியாழக்கிழமை காலை லாரி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஐந்து மணிக்கே போன் ஆரம்பித்துவிட்டது. கடைசியில் வாசலில் வடாம்காரர் தலைமையில் ஒரு கூட்டம், கையில் காலிக் குடங்களோடு. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஒரு லாரி ரிப்பேர், ஒரு லாரி ஆஸ்பத்திரிக்கு என்றார்.

"மூணாவது?"

"அது உங்க சகலை வீட்டுக்குத்தான் சார் போயிட்டிருக்கு. நாலு நாளைக்கு அங்கதான். உங்க மரியாதைன்னு சொன்னீங்களே, விட்டுக்கொடுக்க முடியுமா?"

வாசலில் நின்றவர்களிடம் நிலத்தடி நீர்மட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். வீட்டில் மிச்சமிருந்தது அரை வாளித் தண்ணீர். அதை மனைவி முன்கூட்டியே மறைத்து வைத்திருந்தாள், யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. குளியலறையில் நின்று, ஒரு சொம்பு ஊற்றிச் சோப்பைப் போட்டு முடித்த நேரத்தில் செல்போன் அடித்தது. ஒரு கண்ணில் நுரையோடு எடுத்தேன்.

"சகலை! ரெண்டு வாரத்துக்கப்புறம் இப்பத்தான் ஷவர்ல குளிச்சேன். டவரே உங்களைத்தான் பேசுது. எங்க அசோசியேஷன் பிரசிடெண்ட் என்கிட்ட வந்து, உங்க சகலை எந்தத் துறைச் செயலாளர்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெரிய இடம்னு சொல்லிட்டேன்."

வெளியே மனைவி கதவைத் தட்டினாள். "யாருங்க போன்ல? தண்ணி லாரியா?" கண் எரிந்தது. வாளியில் இன்னும் இரண்டு சொம்புதான் இருந்தது. நான் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.

"சரியாக் கேக்கல சகலை, லைன் விட்டு விட்டு வருது" என்றேன். "கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."